மரத்துக்கும் ஒரு சேர்க்கைப் பதிவேடு உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு பிறகு படிக்கலாம்.

மே மாதம் வந்தால் போதும், ஊட்டி மலர்க் கண்காட்சிப் படங்கள் வரிசைகட்டி வந்துவிடும். பூவால் செய்த யானை, பூவால் செய்த கோட்டை, புல்வெளியில் குடும்பத்தோடு ஒரு படம். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வெயிலில் வெந்து கிடக்கும் நமக்கு அந்தக் குளிரும் பச்சையும் வேண்டித்தான் இருக்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் படங்களில் ஒன்றில்கூட ஒரு மரத்தின் பெயர்ப்பலகையை நான் பார்த்ததில்லை. கண்காட்சிக்காக வைத்த பூத்தொட்டிகள் சில வாரங்களில் மாறிவிடும். நூறு வருடத்துக்கும் மேலாக அதே இடத்தில் நிற்கும் மரங்கள் படத்தில் பின்னணியாக மட்டும் வருகின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாவரவியல் பூங்காவை நாம் பூங்கா என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டோம். அது உண்மையில் ஓர் ஆவணக் காப்பகம். அதில் இருக்கும் ஆவணங்கள் உயிரோடு இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆவணங்களில் தமிழர்களாகிய நம் கதையும் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

பள்ளிக்கூட உதாரணத்திலேயே சொல்கிறேன், எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு எண் விழும். பெயர், பெற்றோர், ஊர், பிறந்த தேதி, எந்தப் பள்ளியிலிருந்து வந்தது, எப்போது போனது எல்லாம் அதில் இருக்கும். ஐம்பது வருடம் கழித்து ஒருவர் வந்து கேட்டாலும் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பதில் சொல்லிவிடலாம். பதிவேடு தொலைந்துவிட்டால் அந்த மனிதர் அங்கே படித்ததற்கே சாட்சி இல்லை.

முறையான தாவரவியல் பூங்காவில் ஒவ்வொரு செடிக்கும் இதே போல ஒரு சேர்க்கை எண் உண்டு. எந்தக் காட்டிலிருந்து வந்தது, யார் எடுத்தார், எந்த வருடம், விதையாகவா பதியனாகவா, தோட்டத்தில் எந்த இடத்தில் நட்டார்கள் என்று எழுதி வைப்பார்கள். நகராட்சிப் பூங்காவிலும் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, பூ இருக்கிறது. இந்தப் பதிவேடு இருக்காது. இரண்டையும் பிரிப்பது அந்தப் பதிவேடுதான்.

இத்தாலியில் பாதுவா என்ற ஊரில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு தோட்டம் 1545-இல் தொடங்கியது. மருத்துவம் படிக்கும் மாணவர்கள் மூலிகையை நேரில் பார்த்துக் கற்க வேண்டும், போலி மூலிகையை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக வைத்த தோட்டம். இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. அங்கே 1585-இல் நட்ட ஒரு பனைக்குடும்பச் செடி இன்னும் உயிரோடு நிற்கிறது. 1786-இல் ஜெர்மன் கவிஞர் கதே அந்தச் செடியைப் பார்த்துவிட்டு, இலைகள் எப்படி உருமாறுகின்றன என்று யோசித்து, பிறகு தாவரங்களின் உருமாற்றத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1585 என்று நமக்கு எப்படித் தெரியும்? யாரோ எழுதி வைத்தார்கள், அடுத்தடுத்து வந்தவர்கள் அந்த எழுத்தைக் காப்பாற்றினார்கள். 1997-இல் யுனெஸ்கோ அந்தத் தோட்டத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. லண்டன் கியூ தோட்டத்துக்கு 2003-லும், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 2015-லும் அந்தப் பெருமை கிடைத்தது.

இதெல்லாம் வெளிநாட்டுப் பெருமை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. உலகத்தில் தாவரவியல் தோட்டங்களால் வாழ்க்கையே திசைமாறிய மக்கள் கூட்டம் ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் தமிழர்களைத்தான் முதலில் சொல்வேன். நான்கு செடிகளை வைத்து இதை விளக்குகிறேன். சிங்கோனா, காப்பி, தேயிலை, ரப்பர்.

முதலில் சிங்கோனா. அந்தக் காலத்து முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, மனிதர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய். அதற்குத் தெரிந்த ஒரே நல்ல மருந்து தென் அமெரிக்க மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை. 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர் அந்தப் பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகு அந்த மரத்துக்கு உலகமே அலைந்தது.

ஊட்டித் தோட்டம் 1848-இல் தொடங்கியது. தொட்டபெட்டா சரிவில், காடும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தைத் தோட்டமாக மாற்ற கியூவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் என்பவர் வந்தார். வடிவம் கொண்டுவரவே ஏறத்தாழ பத்து வருடம் ஆனது. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் பெரு நாட்டிலிருந்து கொண்டுவந்த சிங்கோனாக் கன்றுகள் பிழைக்கவில்லை. எக்வடோர் மலைகளில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் சேகரித்து, ராபர்ட் கிராஸ் கப்பலில் காப்பாற்றிக் கொண்டுவந்த கன்றுகள் 1861-இல் ஊட்டிக்கு வந்தன. அவைதான் வேர்பிடித்தன. மெக்ஐவர் அவற்றைப் பதியன் போட்டு, தண்டு வெட்டி நட்டுப் பெருக்கினார். மரத்தை வெட்டாமல் பட்டையை ஒரு பக்கமாக உரித்தெடுத்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடினால் பட்டை மறுபடி வளரும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான்.

பிறகு நடுவட்டத்தில் சிங்கோனாத் தோட்டம் வந்தது. அங்கே வேலை செய்ய, மலாய்ப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள். ஆனைமலைப் பக்கமும் சிங்கோனா போனது. வால்பாறைப் பக்கம் சிங்கோனா என்றே ஒரு தோட்டத்து ஊர் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

அடுத்தது காப்பி. இலங்கை மலையகத்தில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து நம் ஜனங்கள் கங்காணிகள் பின்னால் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைத் தாவரவியல் தோட்டம் 1821-இல் அலெக்சாண்டர் மூன் என்பவரால் தொடங்கப்பட்டது. 1869-இல் காப்பி இலைகளின் அடியில் காவி நிறத்தில் ஒரு தூள் படிவதாகத் தோட்டக்காரர்கள் புகார் சொன்னார்கள். அப்போது பேராதனையின் பொறுப்பில் இருந்த துவைட்ஸ், அந்த இலைகளை இங்கிலாந்தில் இருந்த பூஞ்சை அறிஞர் பெர்க்லிக்கு அனுப்பினார். அவர் அது ஒரு புதிய பூஞ்சை என்று கண்டு, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அடுத்த இருபது வருடத்தில் இலங்கையின் காப்பித் தொழில் அழிந்தது. இன்றைக்கும் உலகம் முழுவதும் காப்பி விவசாயிகளைப் பயமுறுத்தும் இலைத்துரு நோய் இதுதான். நோய்க்கு முதல் சாட்சி ஒரு தாவரவியல் தோட்டம்.

காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. அதுவும் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 1839-லேயே அசாம் தேயிலை விதைகள் கல்கத்தாத் தோட்டத்திலிருந்து பேராதனைக்குப் போயிருந்தன. 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். காப்பி செத்ததும் மலை முழுவதும் தேயிலையானது. காப்பி வருடத்தில் சில மாதம்தான் ஆள் கேட்கும். தேயிலையில் வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் வந்துபோய்க்கொண்டிருந்த நம் மக்கள் குடும்பத்தோடு லயத்துக்குள் நிரந்தரமாகக் குடியேறினார்கள். ஒரு பூஞ்சையும் ஒரு செடியும் சேர்ந்து ஒரு சமூகத்தையே உருவாக்கிய கதை இது.

நான்காவது ரப்பர். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் ஏறத்தாழ 2,000 கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். வார்டு பெட்டி என்று அதற்குப் பெயர். மூடிய கண்ணாடிக்குள் செடி விடும் ஈரம் மறுபடி மண்ணிலேயே சொட்டும். மாதக்கணக்கில் கப்பலில் போனாலும் செடி சாகாது. அந்தக் கன்றுகள் கம்பஹா பக்கம் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின.

1888-இல் சிங்கப்பூர்த் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் தினமும் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டுபிடித்தார். ரப்பர் போடுங்கள் என்று தோட்ட முதலாளிகளைப் பார்க்கும் இடமெல்லாம் நச்சரித்ததில் அவருக்குக் கிறுக்கு ரிட்லி என்றே பெயர் வந்தது. பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயர் வந்தது, மலாயா முழுவதும் பால்மரக் காடானது. அந்தக் காட்டில் விடியுமுன் மரம் சீவப் போனவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். நீலகிரி, மலையகம், மலாயா. நம்மில் எத்தனை குடும்பங்களில் தாத்தா கண்டிக்குப் போனார், பெரியப்பா பினாங்கில் இருந்தார் என்ற பேச்சு இருக்கிறது! அந்தப் பயணச்சீட்டை எழுதிய மேசைகளில் ஒன்று தாவரவியல் தோட்டத்தில் இருந்தது.

கதை அதோடும் முடியவில்லை. 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அப்படித் திரும்பி வந்தவர்களின் மறுவாழ்வுக்காகத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்றைய டான்டீ அதுதான். தேயிலைக்காகப் போன குடும்பங்கள் தேயிலைக்கே திரும்பின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊட்டித் தோட்டம் அங்கிருந்து பேருந்தில் போகிற தூரம்தான். அந்தப் பிள்ளை சுற்றுலா வந்து அங்கே பூவைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. தன் குடும்பம் கடல் தாண்டிப் போய்வந்ததற்கும் இப்படியொரு தோட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்ல அங்கே ஒரு பலகை இருந்தால் எப்படியிருக்கும்?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். எங்கள் ஓய்வுபெற்றோர் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் இதைப் பேசியபோதே வந்தது. "இதெல்லாம் வெள்ளைக்காரன் லாபத்துக்குப் போட்ட தோட்டம்தானே சார். இதை எதற்குப் பாரம்பரியம் என்று தூக்கிப் பிடிக்க வேண்டும்?"

கேள்வி நியாயமானது. லாபத்துக்குத்தான் போட்டான். 1787-இல் கல்கத்தாத் தோட்டத்தைத் தொடங்கிய ராபர்ட் கிட், 1770-இன் வங்கப் பஞ்சத்தை மனதில் வைத்து, பஞ்சம் தாங்கும் சவ்வரிசிப் பனை போன்றவற்றை வளர்க்கலாம் என்று எழுதினார். அதே திட்டத்தில் கம்பெனி வியாபாரத்துக்கான செடிகளும் இருந்தன. இரண்டும் கலந்ததுதான். ஊட்டித் தோட்டம் இருக்கும் மலை தோடர்களின் மலை. தோட்டத்தின் மேல்பக்கம் அவர்களுடைய மந்து இன்றும் இருக்கிறது. அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

ஆனால் அதனாலேயேதான் காப்பாற்ற வேண்டும் என்கிறேன். கணக்குக் கேட்க வேண்டுமென்றால் கணக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். நிலத்தகராறில் மூலப்பத்திரத்தை யாராவது கோபத்தில் கிழித்துப் போடுவார்களா? இந்தத் தோட்டங்களின் பதிவேடுகளும் மரங்களும் நம் பக்கத்து வழக்குக்கான பத்திரங்கள்.

அந்தப் புத்தகத்தில் நம் ஆட்களின் கையெழுத்தும் இருக்கிறது. கல்கத்தாவில் ராக்ஸ்பரோ என்பவர் காலத்தில் 2,500-க்கும் மேற்பட்ட செடிகளை வண்ணத்தில் வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். பெரும்பாலோர் பெயர் தெரியவில்லை. சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் வெளியிட்ட தாவரப் படங்கள் 2,000-க்கும் மேல். அவற்றுக்கு வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இருவர். வைட் ஒரு ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். இலையின் பின்பக்க நரம்பைக்கூட விடாமல் வரைந்த அந்தக் கைகளைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தோம்? மண் சுமந்த, பதியன் போட்ட, தண்ணீர் ஊற்றிய தோட்டத் தொழிலாளர்கள் பெயர் அதைவிடக் குறைவாகவே தெரிகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. "வரலாறு சரி, இன்றைய அறிவியலுக்கு இந்தப் பழைய தோட்டம் எதற்கு? எல்லாம் ஆய்வகத்தில் நடக்கிறதே?"

இரண்டு உதாரணம் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 1895-இல், டர்பன் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளர் மெட்லி வுட், காட்டுச்சரிவு ஒன்றில் விநோதமான சைகஸ் வகைச் செடி ஒன்றைப் பார்த்தார். ஒரே ஒரு புதர். ஆண் செடி. அதன்பிறகு எவ்வளவோ பேர் தேடியும் பெண் செடி கிடைக்கவில்லை. அந்தப் புதரும் காட்டில் இன்று இல்லை. அதிலிருந்து எடுத்த பக்கக் கன்றுகளின் வாரிசுகள் டர்பனிலும் கியூவிலும் மற்றத் தோட்டங்களிலும் இருக்கின்றன. உலகில் இருக்கும் எல்லாமே அந்த ஒரே செடியின் பிரதிகள். தோட்டம் இல்லையென்றால் அந்த இனம் இன்று படத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது உதாரணம் ஆசிரியர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரீகஸ் தீவில் 1980-இல் ஒரு ஆசிரியர், உள்ளூர்ச் செடிகளைத் தேடிக் கொண்டுவாருங்கள் என்று மாணவர்களுக்கு வேலை கொடுத்தார். ஒரு பையன் கொண்டுவந்த கிளை, அழிந்துபோனதாக நினைத்திருந்த கஃபே மரோன் என்ற காப்பிக் குடும்பச் செடி. தீவில் மிச்சம் இருந்தது அந்த ஒரு செடிதான். 1986-இல் அதன் தண்டுகளைக் கியூவுக்கு அனுப்பினார்கள். வேர்விட்டது, பூத்தது, ஆனால் பல வருடம் விதை மட்டும் பிடிக்கவில்லை. தோட்டக்காரர்கள் விடாமல் முயன்று, 2000-க்குப் பிறகுதான் விதை எடுத்தார்கள். அதிலிருந்து வந்த செடிகளால்தான் அது மறுபடி சொந்தத் தீவுக்குத் திரும்ப முடிந்தது. ஒரு வாத்தியார், ஒரு பையன், ஒரு தோட்டம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இதோடு ஹெர்பேரியம் என்ற ஒன்றையும் சொல்ல வேண்டும். செடியை அழுத்தி உலரவைத்து, காகிதத்தில் ஒட்டி, இடமும் நாளும் எழுதிப் பாதுகாக்கும் இடம். கல்கத்தாத் தோட்டத்தில் இருக்கும் மத்திய ஹெர்பேரியத்தில் இப்படிப்பட்ட மாதிரிகள் பல லட்சம். நம் கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை அலுவலகத்தில் பழைய சென்னை மாகாணத்தின் ஹெர்பேரியம் இருக்கிறது. ஒரு செடிக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது எந்த மாதிரியைப் பார்த்து வைத்தார்களோ, அதுதான் அந்தப் பெயருக்கு மூல மாதிரி. நாளைக்குச் சந்தேகம் வந்தால் உலகத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் பார்க்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன் ஒரு செடி எந்த மாதத்தில் பூத்தது, இன்று எப்போது பூக்கிறது என்று ஒப்பிட்டால் பருவம் மாறுவது தெரியும். அன்று தேதி எழுதியவருக்குப் பருவநிலை மாற்றம் என்ற சொல்கூடத் தெரிந்திருக்காது.

இவ்வளவும் ஒரு புயலில் போகலாம் என்பதையும் பார்த்துவிட்டோம். 1864-இல் கல்கத்தாவை அடித்த புயலில் அந்தத் தோட்டத்தின் மரங்களில் பெரும்பகுதி சாய்ந்தது. 2020 மே மாதம் ஆம்பன் புயலில் மறுபடி நூற்றுக்கணக்கான மரங்கள் விழுந்தன. புகழ்பெற்ற பெரிய ஆலமரமும் அடிபட்டது. அந்த ஆலமரத்தின் கதையைக் கேளுங்கள். நோய் பிடித்த அதன் தாய்த்தண்டை 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகளே தூண்களாகி இன்றும் ஒரு சின்னக் காடு போல நிற்கிறது. அந்த மாதிரி அதிர்ஷ்டம் எல்லா மரத்துக்கும் இல்லை. அதிலும் புயலில் விழுந்த மரத்தைவிட, பலகை விழுந்த மரம்தான் எனக்குப் பெரிய கவலை. விழுந்த மரத்துக்குப் பதிவேடு இருந்தால் அதன் கன்றைத் தேடி வாங்கி நடலாம். பெயரும் வரவும் தெரியாத மரம் நின்றுகொண்டிருந்தாலும் ஆய்வுக்குப் பாதி செத்தது மாதிரிதான்.

அதனால் என்ன செய்யலாம்? பெரிய நிதி கேட்கும் திட்டம் எதுவும் நான் சொல்லவில்லை. பொதுவாக நம் பூங்காப் பலகைகளில் அறிவியல் பெயரும் குடும்பப் பெயரும் இருக்கும். அதோடு இன்னும் இரண்டு வரி தமிழில் சேர்க்கட்டும். இந்த மரத்தின் சொந்த ஊர் எது, எந்த வருடம் இங்கே வந்தது. தெரிந்தவரை போதும்.

பழைய பதிவேடுகள், கடிதங்கள், விதைப் பட்டியல்கள் எந்த அலமாரியில் இருந்தாலும் கரையான் அரிப்பதற்குள் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி வைக்கட்டும். வயதான மரங்களுக்கு, அவை நிற்கும்போதே, அதே மரத்தின் விதையிலோ பதியனிலோ ஒரு வாரிசை வளர்க்கட்டும். விழுந்த பிறகு நர்சரியில் கிடைத்ததை வாங்கி நட்டால் இடம் நிரம்பும், தொடர்ச்சி இருக்காது. கூட்டம் அதிகம் வரும் நாட்களில் பழைய மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டட்டும். மிதி விழ விழ மண் இறுகி, வேர் மூச்சுவிட முடியாமல் போகும். கிளை உடைந்தால் நமக்குத் தெரியும், வேர் திணறுவது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். தோடர்களைப் பற்றியும், சிங்கோனாக் கைதிகளைப் பற்றியும், தேயிலைக் குடும்பங்களைப் பற்றியும் ஒரு சின்ன அறையில் சொல்லட்டும். நுழைவுச் சீட்டு வாங்கும் கூட்டத்தில் பத்தில் ஒருவர் எட்டிப் பார்த்தாலும் எனக்குத் திருப்தி.

ஆசிரியர் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. சுற்றுலாவுக்கு ஊட்டி, குன்னூர் சிம்ஸ் பூங்கா, பெங்களூர் லால்பாக் என்று எங்கே அழைத்துப் போனாலும், பேருந்தை விட்டு இறங்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரத்தைப் பங்கிட்டுக் கொடுங்கள். பெயர், சொந்த ஊர், பட்டை எப்படி, இலை எப்படி, பக்கத்தில் யாரிடம் விசாரித்தாய் என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். தோட்ட வேலை செய்பவர் ஒருவரிடமாவது கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பல வருடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனவன் என்ற முறையில் சொல்கிறேன், பலகையில் இல்லாதது அவர்களிடம் இருக்கும். எந்த மரம் எந்த வருடம் காய்க்காமல் போனது, எந்தச் செடிக்கு எந்த மண் ஒத்துவரும் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும். அவர்கள் ஓய்வுபெற்றுப் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. அதை எழுதி வைப்பதும் பாரம்பரியப் பாதுகாப்புதான்.

கோயில் கல்வெட்டைச் சுண்ணாம்பு அடித்து மூடினால் இப்போது நாலு பேர் சத்தம் போடுகிறோம். அந்த விழிப்பு வர நமக்கு நூறு வருடம் ஆனது. மரத்தின் பலகை காணாமல் போனாலும் அதே சத்தம் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பங்கள், மலேசிய உறவு உள்ளவர்கள், நடுவட்டம், வால்பாறைப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பதிவைப் படித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். எந்தத் தோட்டம், என்ன பயிர், எந்த வருடம் என்று தெரிந்தவரை குறிப்பிடுங்கள். நான் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்குப் பதினோரு குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன.